உறையிட்டு வந்த இதழ்கள்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களுக்குப் பத்திரிகையின் அருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மும்பை மாட்டுங்காவிலும் தில்லி கரோல்பாகிலும் தமிழ் வார இதழ் வந்திறங்கும் நாளை எதிர்பார்த்துக் கடை வாசலில் நின்றவர்கள் நம்மிற் பலர். கதைக்காகவும் துணுக்குக்காகவும் மட்டுமா நின்றோம்? நம் மொழியைப் பேசுவோரும் நம்மைப்போல் நினைப்போரும் இன்னும் இருக்கின்றனர் என்ற உறுதியை அந்தச் சில தாள்கள் நம் கையிற் கொண்டுவந்து சேர்த்தன. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது சிறிய ஆறுதலா?

ஆனால் ஊரை விட்டுப் புறப்படாமலே, பிறந்த வீட்டுக்குள்ளேயே அயலாராக வாழ்ந்தோர் உண்டு. ஆணை விரும்பும் ஆண்களையும் பெண்ணை விரும்பும் பெண்களையும் சொல்கிறேன். தன்பாலீர்ப்பினர் என்று இன்று தமிழில் அவர்களைக் குறிக்கிறோம். மொழியால் சிறுபான்மையினராக வாழும் பிள்ளைக்குத் தாயும் தந்தையும் அதே மொழியைப் பேசுவர். வெளியே பட்ட வருத்தத்தை வீட்டில் வந்து சொல்லலாம். தன்பாலீர்ப்புள்ள பிள்ளைக்கு அந்த வாய்ப்பும் அரிது. அவனைப்போன்ற இன்னொருவன் அடுத்த தெருவிலேயே இருக்கலாம். இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே முதுமை எய்திவிடலாம். இத்தகையோர் தமக்கென நடத்திய இதழ்கள் அவற்றின் வாசகர்களுக்கு என்னவாக இருந்தன என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

இவ்விதழ்களின் வரலாறு நாம் நினைப்பதைவிடப் பழையது. ஜெர்மனியில் அடால்ஃப் பிராண்ட் என்பவர் 1896-ஆம் ஆண்டிலேயே 'டேர் ஐகெனே' என்ற இதழைத் தொடங்கினார். 1924-இல் பெர்லினில் பெண்களுக்கென்றே 'டி ஃபிராய்ண்டின்', அதாவது 'தோழி', என்ற இதழ் தோன்றித் தெருவோரப் பத்திரிகைக் கடைகளில் விலைபோயிற்று. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் இவ்வகை இதழ்கள் யாவும் ஒழிந்தன. பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில் மட்டும் ஒரு விளக்கு அணையாமல் நின்றது. கார்ல் மையர் என்ற நாடக நடிகர், ரோல்ஃப் என்ற புனைபெயரில், 'டேர் கிரைஸ்' என்ற இதழை சூரிச் நகரிலிருந்து நடத்திவந்தார். 'வட்டம்' என்பது அப்பெயரின் பொருள். போர்க்காலம் முழுவதும் வெளிவந்த அவ்விதழ், பின்னர் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் கட்டுரைகளைத் தாங்கி 1967 வரை நீடித்தது.

இனி அமெரிக்காவில் நடந்ததொன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1953 ஜனவரியில் 'ஒன்' என்ற மாத இதழ் தொடங்கப்பட்டது. அந்த நாட்டில் அது மிகக் கடுமையான காலம். தன்பாலீர்ப்பினர் என்று ஐயுற்றாலே அரசாங்க ஊழியர்களை வேலையினின்று நீக்குவதற்கு வழிசெய்யும் ஆணையைக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் அதே ஆண்டிற் பிறப்பித்தார். இந்நிலையில் இப்படியோர் இதழைத் தபாலில் வரவழைப்பதற்கே துணிவு வேண்டும். மேலே ஒன்றும் தெரியாத உறையிலிட்டு ஒட்டித்தான் அனுப்பினார்கள். 1954 அக்டோபர் இதழை அந்நகரத் தபால் அதிகாரி தடுத்துவிட்டார். ஆபாசமானது என்பது அவர் கூறிய காரணம்.

அந்த இதழில் அப்படி என்னதான் இருந்தது? ஒரு சிறுகதை, அதில் ஒரு பெண், தன்னை மணக்க விரும்பும் இளைஞனை விட்டுத் தான் நேசிக்கும் பெண்ணோடு வாழ்வதென்று முடிவு செய்கிறாள். ஒரு நையாண்டிப் பாட்டு. இவற்றோடு, நான் சற்று முன்பு சொன்ன சுவிட்சர்லாந்து இதழைப் பற்றிய விளம்பரம் ஒன்று. விளம்பரத்தைப் பார்த்தால் குற்றமற்றதாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஆபாசமான பொருளை எங்கே பெறலாம் என்று அது வழிகாட்டுகிறதே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1957-இல் குறை கண்டது. கதையைக் குறை கூறியதைக்கூட ஒருவாறு புரிந்துகொள்ளலாம்; அக்காலத்து நீதிபதிகளின் இலக்கியச் சுவை அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். ஒரு முகவரி அச்சாகியிருப்பதே குற்றத்தின் பங்காக எண்ணப்பட்டது என்பதைத்தான் நாம் ஊன்றி நோக்க வேண்டும். உண்மையில் அந்த நீதிமன்றம் தன்னையறியாமலே சரியான இடத்தில் விரலை வைத்தது என்பேன். இவ்விதழ்களின் உயிர் அந்த முகவரியில்தான் இருந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1958 ஜனவரி 13-ஆம் நாள் அந்நீதிமன்றம் வாய்மொழி வாதங்களைக் கேளாமலே, மிகச் சுருங்கிய ஓர் ஆணையால் கீழ்த்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இதழ் தபாலிற் செல்லலாம் என்றாயிற்று. தன்பாலீர்ப்பைப் பற்றி எழுதுவது அதனாலேயே ஆபாசமாகிவிடாது என்பதற்கு அந்நாட்டில் இதுவே முதல் வெற்றி.

பெண்களின் நிலை இன்னும் கடினம். சான்பிரான்சிஸ்கோ நகரில் 1956 அக்டோபரில் 'தி லேடர்', அதாவது 'ஏணி', என்ற இதழைச் சில பெண்கள் தொடங்கினர். தட்டச்சுச் செய்து சைக்ளோஸ்டைல் முறையில் எடுத்த 175 படிகள். தெரிந்தவர்களுக்கும் தெரிந்தவர்களின் தெரிந்தவர்களுக்கும் அனுப்பினார்கள். பெற்றவர்களிற் சிலர் மகிழ்வதற்கு முன்பு அஞ்சியிருப்பார்கள். என் பெயர் இந்தப் பட்டியலில் எப்படி வந்தது? பட்டியல் போலீசார் கையில் சிக்கினால் என் வேலை என்னாவது? இந்த அச்சத்தை ஆசிரியர் ஃபிலிஸ் லயன் அறிவார். ஆகவே இரண்டாம் இதழிலேயே, வாசகர்களின் பெயர்கள் பாதுகாப்பாக உள்ளன என்று உறுதிகூறும் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்; தன் வெளியீடுகளை வாங்கியோரின் பெயர்களை வெளியிடும்படி ஒரு பதிப்பாளரை வற்புறுத்த முடியாது என்று 1953-இல் முடிந்த உச்ச நீதிமன்ற வழக்கு ஒன்றையும் எடுத்துக்காட்டினார். அந்தக் கட்டுரையை அவர் புனைபெயரில் எழுதியிருந்தார் என்பதுதான் வேடிக்கை. அஞ்சாதீர்கள் என்று பிறருக்குச் சொல்பவர் தாமே மறைந்து நிற்பது பொருந்தாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்; 1957 ஜனவரி இதழில் அப்புனைபெயர் இறந்துவிட்டதாக அறிவித்துத் தம் சொந்தப் பெயரிலேயே எழுதத் தொடங்கினார்.

அவ்விதழுக்கு வந்த கடிதங்களில், பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் இட்டு 1957-இல் எழுதப்பட்டவை சில உண்டு. எழுதியவர் லொரேய்ன் ஹான்ஸ்பெரி. இரண்டே ஆண்டுகளில் அவருடைய நாடகம் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ஏறிப் புகழெய்தியது. நாடறிந்த எழுத்தாளராகப்போகும் ஒருவர்கூட இவ்விஷயத்தில் தம் பெயரை முழுதாக எழுத இயலவில்லை. வாசகர்களுக்கும் அவ்விதழுக்கும் இருந்த உறவு இதில் விளங்குகிறது. மற்றப் பத்திரிகைகளில் வாசகர் கடிதம் என்பது கடைசிப் பக்கத்துச் சங்கதி. இங்கேயோ வாசகர்கள் முதலில் கடிதங்களைத்தான் புரட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சிற்றூர் ஒன்றில் தனித்திருப்பவள், தன்னைப்போல் இன்னொருத்தி இன்னொரு சிற்றூரில் இருப்பதை அங்கேதான் காண முடியும். இந்தோனேசியாவிலிருந்து ஒரு பெண் தன் தனிமையைப் பற்றி அவ்விதழுக்கு எழுதினாள். அது 1964-இல் அச்சாயிற்று. அவ்வாண்டு நவம்பர் இதழின் அட்டையில் அவள் படமே வெளிவந்தது. அமெரிக்கப் பெண்கள் தம் முகத்தை நேராகக் காட்டி அந்த அட்டையில் தோன்றத் துணிவதற்கு முன்பே, கடல்கடந்த ஒரு வாசகி துணிந்தாள்.

முகவரி என்ற நம் சொல்லை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. முகமும் வரியும் சேர்ந்த சொல் அது. இவ்வாசகர்களுக்கு முகம் காட்ட வழியில்லாதபோது, ஓர் இதழின் மூலையில் அச்சாகியிருந்த ஒரு வரிதான் முகத்தின் இடத்தில் நின்றது.

நம் நாட்டுக்கு வருவோம். அதற்கு முன் கடல்கடந்த இந்தியரைப் பற்றி ஒரு சொல். கலிபோர்னியாவிற் குடியேறியிருந்த அர்விந்த் குமார், சுவீர் தாஸ் என்ற இருவர் 1986-இல் 'திரிகோண்' என்ற இதழைத் தொடங்கினர். அங்குள்ள வெள்ளையர் நடத்திய இதழ்களில் இவர்களுடைய கேள்விகளுக்கு விடையில்லை. திருமணப் பேச்சைத் தள்ளிப்போடுவது எப்படி, கூட்டுக் குடும்பத்தில் தாய்க்கு இதை எப்படிச் சொல்வது என்பனவெல்லாம் நம்மவருக்கே உரிய கேள்விகள் அல்லவா?

அதே 1986-இல் மும்பைப் பத்திரிகையாளர் அசோக் ராவ் கவி, தாம் தன்பாலீர்ப்பினர் என்பதை ஒரு மாத இதழின் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். நான்காண்டுகளுக்குப் பின், 1990-இல், நண்பர்களோடு சேர்ந்து 'பாம்பே தோஸ்த்' என்ற இதழை அவர் தொடங்கினார். தோஸ்த் என்றால் நண்பன். ஆங்கிலத்தோடு இந்தியிலும் பக்கங்கள் கொண்ட அவ்விதழ், பதிவுபெற்று வெளிவந்த முதல் இந்தியத் தன்பாலீர்ப்பினர் இதழாகப் பெயர்பெற்றது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு அப்போது முழு வலிமையோடு இருந்தது. சில கடைகளில் விற்பனைக்கு வந்ததும் மறைவாகத்தான். கேட்டவர்க்கு மேசைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எய்ட்ஸ் நோயைப் பற்றித் தெளிவாகப் பேசுவோர் அரிதாயிருந்த ஆண்டுகளில் அந்நோயிலிருந்து காத்துக்கொள்ளும் முறைகளையும் அவ்விதழ் சொல்லிற்று. உயிரையே காத்த பக்கங்கள் அவற்றுள் இருந்திருக்கும். இதழை நடத்தியோர் 1994-இல் ஹம்சஃபர் அறக்கட்டளையை நிறுவினர். இதழ் 2002-இல் நின்றுபோய், 2009-இல் மீண்டும் வெளிவந்தது.

இவ்விதழ்கள் எல்லாரையும் எட்டின என்று சொல்லமாட்டேன். ஆங்கிலம் தெரிந்தவர், நகரத்தில் வாழ்பவர், தம் பெயருக்கு வரும் தபாலைத் தாமே பிரிக்கும் உரிமை உடையவர் ஆகியோரைத்தான் அவை எளிதில் எட்டின. மூன்றாவது தகுதி சிறியதாகத் தோன்றலாம். நம் வீடுகளில் மகள் பெயருக்கு ஒட்டிய உறை ஒன்று வந்தால் அதை முதலில் பிரிப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பெண்கள் தமக்கென்று தனியே இதழ் நடத்த வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கொல்கத்தாவில் 1999-இல் அமைந்த 'சாஃபோ' என்ற பெண்கள் குழுவினர், வங்காளத்திலும் ஆங்கிலத்திலுமாக 'ஸ்வகண்டே' என்ற இதழை வெளியிட்டு, நகரத்துப் புத்தகக் கண்காட்சியில் வெளிப்படையாகவே கடை பரப்பி விற்றனர். 'தம் குரலில்' என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். கண்காட்சிக் கூட்டத்தில் ஒரு பெண் அதை வாங்கினால் உறையும் வேண்டாம், தபாலும் வேண்டாம். வங்காளத்தில் எழுதப்பட்டது என்பது அதனினும் பெரிது. தன் மனத்தில் உள்ளதற்குத் தாய்மொழியில் வசைச்சொல்லைத் தவிர வேறு சொல்லே கேட்டறியாதவளுக்கு, அம்மொழியிலேயே மதிப்பான சொல் கிடைப்பது எத்தகைய பேறு!

சட்டத்தின் தடை 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் நீங்கியது. வயது வந்தோர் இருவர் தம் விருப்பத்தோடு கொள்ளும் உறவு குற்றமாகாது என்று நம் உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. வீட்டின் கதவு நீதிமன்றத் தீர்ப்பால் மட்டும் திறப்பதில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் சிலர், மகனுடைய பெட்டியிலோ மகளுடைய கைப்பேசியிலோ இத்தகைய எழுத்தைக் கண்டு திடுக்கிட்டிருக்கலாம். யாரோ தம் பிள்ளையைக் கெடுத்துவிட்டார்கள் என்று முதலில் தோன்றும். இதழைப் படித்து ஒருவர் தன்பாலீர்ப்பினராக ஆவதில்லை. முன்பே தம்முள் இருந்ததற்கு விளக்கம் தேடித்தான் அதைப் படிக்கிறார். எத்தனை நாள் அந்தப் பிள்ளை தனியே தேடியிருக்கும்! கேட்பதற்கு வீட்டில் ஒருவரும் இல்லை என்று கருதியதனால்தானே அச்செழுத்தைத் துணைக்குக் கொண்டது?

அச்சிதழ்கள் செய்த பணியின் பெரும்பகுதியை இப்போது இணையம் செய்கிறது. உறையும் மேசைக்கடியும் பழங்கதையாகிவிட்டன. ஆயினும் தாய்மொழியில் சொல் வேண்டும் என்ற தேவை மாறவில்லை. சென்னையில் 2003-இல் சிறு குழுவாகத் தொடங்கிய 'ஓரினம்', தமிழிலும் ஆங்கிலத்திலுமாக இணையத்தில் எழுத்துக்களைத் தொகுத்துவருகிறது. பிள்ளைகள் தம் குடும்பத்தாருக்கு எழுதியவையும், பெற்றோர் தாமே எழுதியவையும் அவற்றுள் இருக்கின்றன. பூனாவிலோ அகமதாபாத்திலோ இருக்கும் ஓர் இளைஞன், ஊரிலுள்ள தன் தாய்க்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரி எப்படியிருக்கலாம் என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம். அதைப் படிக்கப்போகும் தாயும், தன்னைப்போன்ற இன்னொரு தாய் என்ன விடை எழுதினாள் என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.