மீசை வைத்த சைவம்



நான் ஆரணிக்காரன். பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லீங்க. பெரியபாளையம் பக்கத்து ஆரணி. அந்தப் பட்டு ஆரணிக்காரர் ஒருவர் கும்மிடிப்பூண்டியில் என் செக்‌ஷனில் ஃபிட்டர். கட்டுமஸ்தான உடம்பு, முறுக்கு மீசை. கேன்டீனில் கேட்காமலே அவர் தட்டில் ஆம்லெட் விழும். ஒல்லியாய்க் கண்ணாடி போட்ட எனக்கு, "சாருக்குத் தயிர் சாதம்!" நானோ மீன்குழம்புக்கு உயிரை விடுகிறவன்.

இரண்டாம் ஷிப்டில் ஏழரைக்குத்தான் சாப்பாட்டு மணி. "இருட்டறதுக்குள்ள சாப்பிடணும் சார், கொஞ்சம் முன்னாடி விடுங்க" என்றார். "மீசையைப் பார்த்தா சைவமாத் தெரியலையே, நழுவப் பார்க்கிறியாய்யா?" என்று சிரித்தேன். மனுஷன் பதில் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க ஷிப்ட் முடியும்வரை பட்டினியாகவே ஸ்பேனர் பிடித்தார்.

அவர் நயினார், அதாவது தமிழ்ச் சமணர் என்று பிறகு இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது. வந்தவாசி, ஆரணிப் பக்கம் தலைமுறையாக ஏர் பிடிக்கிறவர்கள், முட்டைகூடத் தொடமாட்டார்கள். 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, 15 வயது தாண்டிய தமிழ்நாட்டாரில் சைவம் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அவர்களை முகத்திலேயே கண்டுபிடிக்கிற நிபுணன் நான்!

மறுவாரம் அவருக்கு மட்டும் ஐந்தரைக்குச் சாப்பாடு என்று கையெழுத்துப் போட்டேன். மன்னிப்பும் கேட்டேன். "விடுங்க சார்" என்றார்.

ஆம்லெட் மட்டும் இன்னமும் விழுகிறது. அதை என் தட்டுக்குத் தள்ளிவிடுகிறார்.