புதியது கற்றல் என்னும் சுவாத்தியாயம்
(அருள்புரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து ஓராண்டும் நிறைவுறாத இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். கற்ற நூல்கள் எவை என்று முதலியார் வினவ, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, தலபுராணம் என நீண்டதொரு பட்டியலைக் கூறினார் இளைஞர். முதலியார் வியப்படையவில்லை, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடையாயிற்று. அந்த இளைஞரே பின்னாளில் தமிழ்த் தாத்தா எனப் போற்றப்பெற்ற உ. வே. சாமிநாதையர்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற புலமை அவருக்கு இருந்தது. அதனைக் கொண்டே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். ஆயினும் சிந்தாமணியை விரித்தபோது, சைவச் சூழலில் வளர்ந்த அவருக்குப் பல இடங்கள் விளங்கவில்லை. எனவே கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடினார். சந்திரநாத செட்டியார் இல்லத்தில், வீடூர் அப்பாசாமி நயினார் சிந்தாமணியைப் படித்துப் பொருளுரைத்து நிறைவு செய்த விழாவைக் கண்டார். தாம் தடுமாறிய நூல் ஒரு சமூகத்தின் நாவிலும் நெஞ்சிலும் வாழ்வதை உணர்ந்தார். ஆசிரியராயிருந்தவர் மாணவராய் அமர்ந்து ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னர் மணிமேகலையின் பொருட்டுப் பௌத்தம் கற்றார். அந்நூல் 1898இல் வெளிவந்தது. எண்பத்தைந்து வயதை நெருங்கிய நிலையில், 1940இல், தம் வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கினார்.

ஒருவர் வாழ்க்கை மட்டுமே சான்றாகிவிடாது எனலாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில், அறுபது முதல் தொண்ணூறு வயது வரையுள்ள முதியோரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. சிலர் புகைப்படக் கலையையும், சிலர் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பதையும், சிலர் இரண்டையும் வாரத்திற்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம் கற்றனர். வேறு சிலர் கூடிப் பேசி மகிழ்ந்தனர். புதிய திறன் கற்றவர்களிடமே நினைவாற்றல் தெளிவாக மேம்பட்டிருந்தது. பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் பயிற்சியால் மூளையின் ஒரு பகுதி வளர்வதையும், பயிற்சியை விட்டபின் அவ்வளர்ச்சி குறைவதையும் 2004இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு காட்டியது.

துண்டுத் துணிக்கு அருள்புரத்தில் பஞ்சமில்லை. ஆனால் முப்பது ஆண்டு ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்தவருக்குத் தையல் புதிதன்று. அவருக்குப் பவணந்தி முனிவரின் நன்னூல் புதிது. நன்னூல் கற்பித்து ஓய்வு பெற்றவருக்கு ஊசியும் நூலும் புதியவை. எது கடினமாகத் தோன்றுகிறதோ, எதில் பிழை நேருமோ, அதுவே அவரவர்க்குரிய பயிற்சி.

இக்கருத்து சமணத்திற்கு அயலானதன்று. அகத்தவம் ஆறனுள் ஒன்று சுவாத்தியாயம். படித்தல், வினவுதல், சிந்தித்தல், ஓதிப் பழகுதல், பிறர்க்கு அறம் உரைத்தல் என அதனை ஐவகையாகத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. இளமையில் மனனம் செய்த தோத்திரத்தை நாள்தோறும் ஓதுவது நன்று. மனத்திற்கு அமைதி தரும். எனினும் அது ஐந்தனுள் ஒன்றே. வினவாமலும் சிந்தியாமலும் எஞ்சிய நான்கும் உறங்கிவிடுகின்றன. அத்தவ வரிசையில் சுவாத்தியாயத்திற்கு முன்னரே விநயம் வைக்கப்பட்டிருப்பதும் எண்ணத்தக்கது. பணிவின்றிப் புதியது கற்றல் இயலாது. "இந்த வயதில் இனி என்ன கற்று என்ன ஆகப் போகிறது?" என்னும் சொல்லில் சலிப்பு பாதி, பிறர் நகைப்பரோ என்னும் கூச்சம் பாதி.

அக்கூச்சத்தைப் போக்குவது இல்லத்தாரின் கடமை. கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்யப் பாட்டி மூன்றாம் முறை கேட்டாலும் பேரன் முகம் சுளியாது சொல்லித்தர வேண்டும். பாட்டி அவனுக்குச் சீவகன் கதை சொல்லட்டும். விடுமுறை நாளில் விஜயமங்கலம் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயிலுக்கு இருவரும் சென்று, சிற்பங்களைப் பார்த்து வந்து குறிப்பு எழுதட்டும்.

ஒன்றை மறத்தலாகாது. புதியது கற்றல் மருந்துக்கு மாற்றன்று. மறதி நோய் வாராதென்னும் உறுதியும் அன்று. பழகிய தெருவில் வழி தவறினாலோ, உறக்கமின்மையும் துயரமும் இரு வாரத்திற்கு மேல் நீடித்தாலோ, "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனத் துயருக்கு அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 உள்ளது. காது கேளாமையும் தனிமையும் மறதி நோய்க்கான வாய்ப்பை மிகுவிப்பன என்பதால், செவிப்புலனையும் சோதித்துக்கொள்வது நலம்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவிற்கு வரும்போது ஒவ்வொரு முதியவரும் இவ்வாண்டு தமக்குத் தெரியாதிருந்த ஒன்றைக் கற்று வந்து அவையில் கூறட்டும். பிழையோடு கூறினும் குற்றமில்லை. அன்று கும்பகோணத்தில் கற்க வந்தவருக்குச் சமணர் இல்லக் கதவுகள் திறந்திருந்தன. இன்று அதே கதவுகள் அவ்வில்லங்களின் மூத்தோர்க்கும் திறந்திருக்கட்டும்.

அறம் வளர்க!