ஓடி ஜெயிச்ச சாந்தி

ஓட்டப்பந்தயம்னா எனக்கு உயிர். 2006 தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர்ல வெள்ளி வாங்கினாங்க புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி. பெத்தவங்க செங்கல் சூளைத் தொழிலாளிகள். பேப்பர் பூரா அவங்க படம்தான். பாலினச் சோதனைன்னு பதக்கத்தைப் பிடுங்கினதும் அதே பேப்பர்கள் அவங்க உடம்பையே பேசின. ஊக்க மருந்து சாப்பிட்டாங்களா? இல்லையே! பிறவியில் உடம்பு பலவிதம்.

2009-ல் பெர்லினில் இதே 800 மீட்டரில் தங்கம் வாங்கிய தென்னாப்பிரிக்கப் பெண் செமன்யாவுக்கும் சோதனை நடந்தது. அவங்க மக்கள் விமான நிலையத்துக்கே திரண்டு போய் வரவேற்றார்கள். பதக்கமும் அவங்ககிட்டதான் இருக்கு.

2012-ல் சாந்தி சூளையில் கல் சுமந்தாங்க. பிறகு பயிற்சியாளர் வேலை கிடைத்தது. பதக்கம் வரலை. கைதட்டின நாம எங்கே போனோம், அக்கா?