அதிகாரத்திற்கு அழகு அறிவடக்கம்

(அரசுப் பணிக்குத் தேர்வான இளைஞர்களைப் பாராட்டும் நிகழ்ச்சியில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



 

நம் மஹல்லாவின் பிள்ளைகள் அரசு அலுவலக நாற்காலியில் அமர்வது நம் அனைவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த நாற்காலியில் ஒரு சோதனையும் இருக்கிறது. அதில் அமர்ந்தவர் தவறாகச் சொன்னாலும் எதிரே நிற்பவர் தலையாட்டுவார். நாளடைவில், தமக்கு எல்லாம் தெரியும் என்று அவரே நம்பிவிடுவார். அதனால் விளையும் இழப்பைச் சுமப்பவர்கள் மக்களே.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிச் சென்றபோது, ஸர்ஃக் என்னுமிடத்தில் படைத்தளபதிகள் எதிர்கொண்டு வந்து, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். முன்செல்வதா, திரும்புவதா? கலீஃபா தாமே முடிவெடுத்திருந்தால் தடுப்பார் எவருமில்லை. ஆயினும் முதலில் முஹாஜிர்களிடம் ஆலோசனை கேட்டார்கள், கருத்து இரண்டுபட்டது. அன்ஸார்களிடம் கேட்டார்கள், அவர்களும் அவ்வாறே பிரிந்தனர். பின்னர் குறைஷி முதியவர்களை அழைத்தார்கள். திரும்புவதே நலம் என்று அவர்கள் ஒருமித்துக் கூறினர். காலையில் திரும்புவதாக உமர் (ரலி) அறிவித்தார்கள்.

இறைவனின் விதியை விட்டு ஓடுவதா என்று தளபதி அபூஉபைதா (ரலி) வெளிப்படையாகவே கேட்டார்கள். கலீஃபா அவர்களை அடக்கவில்லை. பள்ளத்தாக்கின் செழித்த பக்கத்தில் ஒட்டகத்தை மேய்த்தாலும், வறண்ட பக்கத்தில் மேய்த்தாலும் இரண்டும் இறைவிதியே அல்லவா என்று உவமை கூறி விளக்கினார்கள்.

அப்போது, வேறு அலுவலாகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் செல்லலாகாது, அங்கிருப்போர் அதற்கஞ்சி வெளியேறலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். கலீஃபா அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். பேரரசின் தலைவருக்குத் தெரியாத ஒன்று ஒரு தோழருக்குத் தெரிந்திருந்தது! ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) அபூஉபைதா (ரலி) அவர்களே அந்த அம்வாஸ் கொள்ளைநோயில் வஃபாத்தானார்கள்.

நம் காலத்திலும் சான்றுண்டு. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட்டை ஏவும் வேளையில் கணினி நிறுத்தச் சொன்னது. திட்டப் பொறுப்பிலிருந்த இராமேஸ்வரத்து அப்துல் கலாம், வல்லுநர்களைக் கலந்து ஏவ முடிவெடுத்தார். ராக்கெட் கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18இல் வெற்றி கிட்டியபோதோ, செய்தியாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். கலாமும் தம் முடிவு பிழைத்ததை மறைக்காமல், பின்னாளில் பல மேடைகளில் எடுத்துரைத்தார்.

இளைஞர்களே! அடக்கம் என்பது முடிவெடுக்கத் தயங்குவதன்று. உமர் (ரலி) அவர்கள் முடிவெடுக்கவே செய்தார்கள். கோப்பில் கையெழுத்திடுமுன், அந்த முடிவால் பாதிக்கப்படுபவரைக் கேளுங்கள். மழைநீர் எவ்வழி ஓடும் என்பதை வரைபடத்தைவிட அவ்வூர் விவசாயி நன்கறிவார். கீழே பணிபுரிபவர் மறுத்துப் பேச இடம் கொடுங்கள். தவறெனத் தெரிந்தால், கௌரவம் பாராது திருத்துங்கள். "எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்பதால் பதவியின் மதிப்பு குறையாது.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியையும் பணிவையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.