பழவேற்காட்டுப் படகுக்கு ஒரு விளக்கு
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இயற்பியல் படிச்சிட்டு என்னப்பா பண்றே?" என்று கேட்பவர்களிடம் "பேட்டரி கட்டறேன்" என்று சொல்கிறேன். பொன்னேரியில் சின்ன ரிப்பேர் கடை. வருகிறவர்களில் பாதிப்பேர் பழவேற்காட்டுக்காரர்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், அதைச் சுற்றியுள்ள ஊர்கள். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி நம்முடையது. பல இடங்களில் இடுப்பளவு ஆழம்தான். ஆனால் இரவில் இறாலுக்குப் போகிறவருக்கு மணல் திட்டும், நட்டு வைத்த கம்பும், முகத்துவாரத்து இழுப்பும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! அதற்கு விளக்கு வேண்டும்.

அந்த விளக்கை இப்போது பலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய 18650 செல், ஒரு பி.வி.சி. குழாய், ரிச்சி தெருவில் வாங்கிய சார்ஜர் போர்டு, ஒரு எல்.இ.டி. அவ்வளவுதான். கெட்டிக்காரத்தனமான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்தச் செல்லுக்கு எந்தச் சிப் என்பதில்தான் வம்பு வருகிறது.

அந்த மலிவான போர்டில் உள்ள சிப் டி.பி.4056. ஒரே ஒரு லித்தியம் அயனி செல்லை 4.2 வோல்ட் வரை ஏற்றும். ஆம்பியர் எவ்வளவு என்பதை ஒரு ரெசிஸ்டர் தீர்மானிக்கிறது. 1.2 கிலோ ஓம் போட்டால் 1 ஆம்பியர். களைத்துப்போன லேப்டாப் செல்லுக்கு அது அதிகம். ரெசிஸ்டரை மாற்றிக் குறைத்துவிடுங்கள், சார்ஜ் ஏற ஒரு ராத்திரி ஆனால் ஆகட்டும். ஏனென்றால் அந்த விளக்கு சார்ஜ் ஏறுவது எங்கே? குழந்தைகள் படுத்திருக்கும் அறையில், பாய்க்கு ஒரு முழம் தள்ளி.

பிரகாசம் வேண்டும் என்று மூன்று செல்லை சீரிஸில் கட்டுகிறார்கள். வோல்ட்டேஜ் கூடும், சரி. ஆனால் மூன்றில் நோஞ்சான் செல் முதலில் காலியாகும். மற்ற இரண்டும் அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். அடுத்த முறை சார்ஜ் போடும்போது அது உப்பும், சூடேறும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் போர்டு இல்லாமல் சீரிஸ் கட்டவே கூடாது. பேரலலில் கட்டுவதாக இருந்தால், இணைக்கும் முன் எல்லா செல்லும் ஒரே வோல்ட்டில் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் நிறைந்தது வெறுமையானதுக்குள் ஒரே மூச்சில் கொட்டும்.

போன மாதம் ஒரு தம்பி, "வெளிநாட்டுல வீட்டிலேயே மின்சிகரெட் செய்றாங்களே, அதுவும் இதே கணக்குதானே சார்?" என்றான். கணக்கு அதேதான். பொருள்தான் நம் நாட்டில் 2019 முதல் சட்டப்படி தடை. 2018 மே மாதம் அமெரிக்காவில் புளோரிடாவில் அப்படி ஒரு கருவி வெடித்து ஒருவர் இறந்தே போனார். நடுவில் சிப்பே இல்லாமல் செல்லை நேராகக் கம்பிச்சுருளில் கோர்க்கும் ரகங்களும் அதில் உண்டு. அந்தத் துணிச்சலை நாம் படகில் ஏற்ற வேண்டாம்.

நான் சிபாரிசு செய்வது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃபும் பாதியும் நஞ்சுண்டசாமியும் உலகுக்குச் சொன்ன சரக்கு. தீயே பிடிக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மற்றதைவிட ரொம்பச் சாது. இதன் நிறை வோல்ட் 3.65தான். டி.பி.4056இல் மாட்டினால் 4.2 வரை ஏற்றிக் கெடுத்துவிடும். டி.பி.5000 என்ற சிப்பில் ஒரு காலை இணைக்கும் விதத்தைப் பொறுத்து 4.2 அல்லது 3.6 என்று தேர்ந்துகொள்ளலாம். அதை வாங்குங்கள்.

இப்படியெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "எத்தினி மணி எரியும்னு நீ சொல்ற. எப்ப அணையும்னு எனக்குத் தெரிஞ்சா போதும் தம்பி."

நியாயமான கேள்வி. இதற்கு எந்தப் புத்தகமும் கைகொடுக்கவில்லை. சாதாரண லித்தியம் அயனி செல் 4.2இலிருந்து படிப்படியாக இறங்கும். வோல்ட்டைப் பார்த்தே மிச்சத்தை ஊகிக்கலாம். இரும்பு பாஸ்பேட் அப்படியில்லை. 3.2 பக்கத்திலேயே கடைசி வரை நின்றுவிட்டு, முடியும்போது பொத்தென்று விழும். பாதுகாப்புச் சிப் அந்த நேரத்தில் சட்டென்று இணைப்பைத் துண்டிக்கும். செல்லுக்கு அது நல்லது. முகத்துவாரத்தில் நிற்கிற மனுஷனுக்கு?

நம் பழைய பைக்கில் ரிசர்வ் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதேதான் செய்தேன். 6 ஆம்பியர்-மணி செல் இரண்டு. பேரலலும் இல்லை, சீரிஸும் இல்லை. தனித்தனிப் போர்டு, நடுவில் ஒரு மாற்றுச் சுவிட்ச். முதல் செல் அணைந்தால் அடுத்த பக்கம் தட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். எல்.இ.டி.க்கு ஏ.எம்.சி.7135 சிப், 350 மில்லி ஆம்பியர். ஒரு செல்லுக்குக் கணக்குப்படி 17 மணி நேரம். இரண்டு சிப் போட்டால் வெளிச்சம் கூடும், நேரம் பாதியாகும். பெரியவர் ஒன்றே போதும் என்றார்.

அடுத்த எதிரி உப்பு. இரண்டு முனைகளுக்கு நடுவே உப்புத்தண்ணீர் பட்டால் செம்பு பச்சை பிடித்துக் கரையும். உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் கடற்கரையில் தனி நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் பசை பூசுகிறவர்கள் மோந்து பார்த்து வாங்குங்கள். வினிகர் வாடை அடித்தால் அதிலிருந்து வரும் அமிலமே செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை கேளுங்கள். நிக்கல் பட்டை என்று சொல்லி, மேலே நிக்கல் பூசிய இரும்பையும் விற்கிறார்கள். ஒரு துண்டை உரசிவிட்டு உப்புத்தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தால் குட்டு வெளியாகிவிடும்.

இன்னும் சரியாக வராதது அந்தச் சுவிட்ச்தான். ரப்பர் மூடி போட்டாலும் ஈரம் உள்ளே போகிறது. கண்ணாடிக்குள் அடைத்த ரீட் சுவிட்சையும் ஒரு மாஸ்ஃபெட்டையும் உள்ளே வைத்து, குழாய்க்கு வெளியே காந்தத்தை நகர்த்தி மாற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசி வருஷ மாணவர்கள் யாராவது இதை ப்ராஜெக்டாக எடுத்துக்கொண்டால் செல்லும் சிப்பும் என் செலவு. கடை ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியத்துக்கு மேல் வாருங்கள்.