உலாவியின் ஞாபகசக்தி

மின்கட்டணம் செலுத்துவது முதல் ரயிலில் இடம் பதிவு செய்வது வரையில், நம் அன்றாடக் காரியங்களில் பெரும்பகுதி இன்று பிரவுசர் என்னும் உலாவியின் மூலமாகவே நடந்தேறுகிறது. தட்டெழுத்துக்கென்று பயிற்சி நிலையங்களுக்குச் சென்று, லோயர், ஹையர் என்று பரீட்சைகள் எழுதித் தேறிய நம்மவர்கள், நாள் முழுதும் கண்முன் திறந்திருக்கும் இந்தச் சாதனத்தைக் கையாளவும் ஓர் அப்பியாசம் வேண்டும் என்று நினைப்பதே இல்லை. அந்த அப்பியாசத்தின் உயிர்நிலை, உலாவிக்கு இருக்கும் ஞாபகசக்தியை நம்பக் கற்றுக்கொள்வதில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளிவந்து, எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிப் பாமரரையும் ஈர்த்த மொசைக் உலாவியிலேயே, விருப்பமான பக்கங்களைக் குறித்துவைத்துக்கொள்ள ஒரு பட்டியல் இருந்தது. 2008-இல் வந்த ஃபயர்பாக்ஸின் மூன்றாம் பதிப்போ, முகவரிப் பட்டையில் நாம் இரண்டொரு எழுத்துகளைத் தட்டியதுமே, முன்பு சென்ற பக்கங்களின் முகவரிகளில் மட்டுமன்றித் தலைப்புகளிலும் தேடி, நாம் அடிக்கடி நாடுவதை முதலில் கொண்டுவந்து நிறுத்தும் வித்தையைக் கற்றிருந்தது. அதே ஆண்டில் பிறந்த குரோம், முகவரிக்கும் தேடலுக்கும் ஒரே பட்டையை வைத்தது. இத்தனை ஏற்பாடுகள் இருந்தும், பழகிய வங்கியின் தளத்துக்குப் போக, ஒவ்வொரு தடவையும் அதன் பெயரைத் தேடுபொறியில் இட்டு, வந்து விழும் முடிவுகளில் விளம்பரம் எது, அசல் எது என்று ஆராய்ந்துகொண்டிருப்பவர்கள்தாம் எத்தனை பேர்! கால விரயம் ஒருபுறம் இருக்க, போலித் தளங்களில் போய்ச் சிக்குவதற்கும் இதுவே ராஜபாட்டை. வங்கியின் அசல் தளத்தின் முகவரியை ஒருமுறை நன்கு பரிசீலித்துப் புக்மார்க்காகக் குறித்துவைத்துவிட்டால், பிறகு அந்த வழியாகவே போய்வரலாம்.

அடுத்து, டேப் என்று சொல்லுகிறோமே, அந்தத் தாவல்களின் விஷயம். பிறகு படிக்கலாம் என்று திறந்துவைத்தவை பெருகப் பெருக, தலைப்பும் தெரியாதபடி குறுகி, கல்யாண வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைப் போல, எது எங்கே என்று அடையாளம் காண முடியாமல் குவிந்துகிடக்கின்றன. மூடினால் தொலைந்துவிடும் என்கிற பயமே இதற்குக் காரணம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் சொற்பம். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்தியபடி டீ என்ற எழுத்தைத் தட்டினால் (சி-க்கு அடுத்து வருவதன்று, எஸ்-க்கு அடுத்து வருவது) கடைசியாக மூடிய தாவல் எழுந்து வரும். மறுபடியும் தட்டினால் அதற்கு முன் மூடியதும் வரும். போன வாரம் பார்த்த பக்கம் ஹிஸ்டரியில் இருக்கும். ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் நட்சத்திரக் குறியும் ஓர் இடைவெளியும் இட்டுத் தேடினால் புக்மார்க்குகளில் மட்டும் தேடும். சதவீதக் குறி இட்டால் திறந்திருக்கும் தாவல்களில் மட்டும் தேடும். குரோம் நம் கணினியில் வைத்திருக்கும் ஹிஸ்டரி சுமார் 90 நாள்களுக்கு மேல் தங்குவதில்லையாதலால், அதற்கு அப்பாலும் வேண்டுவதைப் புக்மார்க்கில் சேர்த்துவிடுவதே விவேகம்.

விசைகளில் நான் பெரிதும் மதிப்பது கன்ட்ரோலும் எஃபும் சேர்ந்த ஜோடியை. தேர்வு முடிவுப் பட்டியலில் தம் பதிவெண் இருக்கிறதா என்று பக்கம் பக்கமாக உருட்டிக் கண் பூத்துப்போகிறவர், அந்த ஜோடியை அழுத்தி எண்ணைத் தட்டினால், க்ஷணத்தில் விடை கிடைக்கும். ஸ்கேன் செய்து படமாக ஏற்றிய பட்டியலானால் மட்டும் இந்த யுக்தி பெரும்பாலும் பலிக்காது. அந்தக் குற்றம் ஏற்றியவருடையது. கன்ட்ரோலும் எல்லும் சேர்ந்தால், மவுஸைத் தொடாமலே முகவரிப் பட்டைக்குப் போய்விடலாம். மேக் கணினி வைத்திருப்பவர்கள் கன்ட்ரோலுக்குப் பதிலாகக் கமாண்டை அழுத்த வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் என்னும் துணைக்கருவிகளைக் குறித்து எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. அவற்றுள் பல, நாம் செல்லும் தளங்களில் உள்ளதையெல்லாம் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்பவை. இரண்டு மூன்று போதும்.

பலர் உபயோகிக்கும் கணினியில், உலாவியின் ஞாபகசக்தியே நமக்கு விரோதியாகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்; நாம் சென்ற இடங்களை அடுத்து உட்காருபவருக்கும் அது எடுத்துக் கொடுக்கும். அங்கே, சென்ற இடங்களை ஞாபகத்தில் வைக்காத பிரைவேட் விண்டோ என்னும் சாளரத்தைத் திறந்து காரியத்தை முடித்து, தளத்திலிருந்து வெளியேறி, சாளரத்தையும் மூடிவிட்டு எழுந்திருப்பது நலம். டவுன்லோடு செய்த கோப்புகள் அப்போதும் கணினியிலேயே தங்கிவிடும். அவற்றைத் தனியே நீக்க வேண்டும்.

நேயர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்கப் புக வேண்டாம். கன்ட்ரோலும் எல்லும் என்ற அந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் பழகிப் பாருங்கள். கை அதற்குப் பழகிய பின் மற்றவற்றுக்குப் போகலாம்.