உயிர்வேலியைத் தரையில் நின்றே கழிக்கலாம்

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காடு வைத்திருப்பவர்களுக்குக் கிளுவை வேலியைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. இது நம்ம முன்னோர்கள் அமைத்து வைத்த மேய்ச்சல் காடு. வேலி உறுதியாக இருந்தால் மாடு, ஆடுகளை உள்ளே விட்டுக் கடவை அடைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். வேலியில் ஒரு சந்து விழுந்துவிட்டால், நாள் முழுக்க ஓர் ஆள் காவலுக்கு நிற்க வேண்டும்.

இப்போது பல காடுகளில் என்ன நிலைமை? வேலி 10 அடி, 12 அடி என்று மேலே போய்விட்டது. கழிக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஏணி மேலேயும் டிராக்டர் டிரெய்லர் மேலேயும் ஏறி நின்று கொடுவாளால் வெட்டுகிறார்கள். கால் சறுக்கினால் முள்ளுக்குள்ளே விழ வேண்டியதுதான். இதற்கு மாற்றாகத் தரையில் நின்றபடியே வேலி கழிக்கும் பேட்டரிக் கருவி ஒன்று இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது, எதில் உஷாராக இருப்பது என்பதை இன்று பார்ப்போம்.

வேலியை ஏன் கழிக்க வேண்டும்?

செடியின் நுனிக் குருத்து இருக்கும்வரை பக்கக் குருத்துகளைத் தலையெடுக்க விடாது. நுனியை வெட்டினால் கீழே தூங்கிக் கிடக்கிற கணுக்கள் எல்லாம் துளிர்க்கும். வேலி அடர்த்தியாவது இப்படித்தான். கழிக்காமல் விட்டால் சத்தெல்லாம் மேலே போய், தலை மட்டும் குடை மாதிரி விரியும். அந்த நிழலில் அடிக்கிளைகள் காய்ந்து போகும். மேலே பார்த்தால் வேலி, கீழே பார்த்தால் ஆடு நுழைகிற வாசல்!

ஆகவே வேலி உயரமாக இருப்பதில் லாபம் ஒன்றுமில்லை. ஆடு மாட்டைத் தடுக்க 5 அடி, 6 அடி போதும். அடிப்பாகம் அகலமாகவும் மேல்பாகம் ஒடுக்கமாகவும் இருக்கணும். அடியில் 4 அடி அகலம் என்றால் உச்சியில் 2 அடி. அப்போதுதான் வெயில் அடிவரைக்கும் படும்.

கருவி எப்படி இருக்கும்?

கடையில் ‘போல் ஹெட்ஜ் டிரிம்மர்’ என்று கேட்கணும். நம்ம பாஷையில் சொன்னால் பேட்டரியில் ஓடுகிற தொரட்டி. ஒரு நீளக் கம்பு, அதன் நுனியில் ஒன்றரை அடி நீளத்துக்குச் சீப்பு மாதிரிப் பல் வைத்த இரண்டு கத்திகள். விசையை அழுத்தினால் கத்திகள் முன்னும் பின்னும் ஓடிக் கத்தரிக்கும். தலைப்பகுதியை வேண்டிய கோணத்துக்கு மடக்கிக் கொள்ளலாம். பேட்டரி கைப்பிடிப் பக்கம் இருக்கும். ஒயரை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, பெட்ரோலும் வேண்டியதில்லை. கம்பின் நீளமும் ஆளின் உயரமும் சேர்ந்து 10 அடி வரைக்கும் எட்டும்.

இதில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். இந்தக் கத்தி இளங்கிளைக்கு உரியது. சுண்டுவிரல் கனம் வரைக்கும் சுகமாக வெட்டும். மணிக்கட்டு கனமுள்ள கட்டையில் வைத்து அழுத்தினால் கத்தி சிக்கும், மோட்டார் சூடாகும். கனமான கிளைக்கு ‘போல் சா’ என்கிற சங்கிலி ரம்பம் வைத்த கருவி தனியாக இருக்கிறது. சில வகைகளில் ஒரே கம்பில் இரண்டு தலையையும் மாற்றி மாட்டிக் கொள்ளலாம். வாங்கும் முன்னால் இதை விசாரியுங்கள்.

பல வருஷமாகக் கழிக்காத வேலிக்கு முதலில் ரம்பம், பிறகு டிரிம்மர் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரே தடவையில் மொட்டையடிக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், 12 அடி வேலியை முதல் வருஷம் 8 அடிக்கும், அடுத்த வருஷம் 6 அடிக்கும் இறக்கலாம். கனமான கிளையை அறுக்கும்போது முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகு மேல்பக்கம் அறுங்கள். இல்லாவிட்டால் கிளை சாயும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். வெட்டிய கிளுவைப் போத்துகளை வீணாக்காதீர்கள். நேரான போத்துகளை எடுத்துச் சந்து விழுந்த இடங்களில் ஊன்றிவிட்டால், மழையில் துளிர்த்து வேலியோடு வேலியாகிவிடும்.

பெரிய கழிப்பை ஆடி, ஆவணியில் வைத்துக் கொள்வது நல்லது. பின்னால் வருகிற மழையில் நன்றாகத் துளிர்க்கும். மழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டால் போதும். பங்குனி, சித்திரை வெயிலில் பெரிய வெட்டு வேண்டாம்.

மேலே பாருங்கள்!

பெருமக்களே, இன்றைய பேச்சில் முக்கியமான பகுதி இதுதான். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

“18 வோல்ட் பேட்டரி தானுங்களே, இதில் என்ன ஷாக் அடிக்கப் போவுது?” என்று கேட்பீர்கள். பேட்டரியால் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆபத்து பேட்டரியில் இல்லை, தலைக்கு மேலே போகிற மின்கம்பியில் இருக்கிறது. பல கருவிகளில் கம்பு அலுமினியத்தால் ஆனது. அது மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும். நம்ம காட்டோரங்களில் வேலியை ஒட்டியே மின்கம்பங்கள் போகின்றன. வீட்டுக்கும் கிணற்றுக்கும் வருகிற தாழ்வழுத்தக் கம்பியும் உண்டு, 11 ஆயிரம், 22 ஆயிரம் வோல்ட் உயரழுத்தக் கம்பியும் உண்டு. உயரழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம். கிட்டத்தில் கொண்டுபோனாலே மின்சாரம் தாவும். “என் கருவியில் ஃபைபர் கம்பு” என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. ஈரமும் அழுக்கும் படிந்தால் அதையும் நம்பக் கூடாது. கம்பியில் உரசுகிற பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும்.

இந்தக் கருவிகளோடு வருகிற பல கையேடுகளில், மின்கம்பிக்கும் கருவிக்கும் நடுவில் 50 அடி இடைவெளி வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். வேலை செய்கிறவரைச் சுற்றி வேறு ஆள் நிற்காமல் இருக்க வேண்டிய தூரமும் அதே 50 அடிதான். ஆகவே மனதில் வைத்துக்கொள்ள ஒரே கணக்கு: கம்பிக்கும் 50 அடி, ஆளுக்கும் 50 அடி. நம்ம நடையில் சுமார் 20 எட்டு. வேலையைத் தொடங்கும் முன்னால் கருவியைக் கீழே வைத்துவிட்டு, வேலி நெடுகிலும் ஒரு நடை நடந்து மேலே பாருங்கள். கம்பி போகிற இடத்தில் இரண்டு பக்கமும் 20 எட்டு எண்ணி, வேலியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். அந்தத் துணிகளுக்கு நடுவில் இந்தக் கருவிக்கு வேலை இல்லை.

“மும்முனை கரண்ட் இல்லாத நேரமாப் பார்த்து வெட்டிக்கலாமுங்களே?” என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது. மோட்டார் ஓடவில்லை என்றால் கம்பி செத்துக் கிடக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு கம்பியில் இருக்கும், இன்னொன்றில் இராது. எந்த நிமிஷம் திரும்பி வரும் என்று சொல்லவும் முடியாது. கம்பியை ஒட்டின கிளைகளுக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள். முறைப்படி மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெட்டுவது அவர்கள் வேலை. 2021-இல் தொடங்கிய ‘மின்னகம்’ சேவை மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் பேசியும் தெரிவிக்கலாம்.

தப்பித் தவறி யாராவது கம்பியில் பட்டுவிட்டால், பதறிப்போய் அவரைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டாவது உயிரும் போய்விடும். தள்ளி நின்று மின்வாரியத்துக்கும் 108-க்கும் சொல்லுங்கள். மின்சாரம் நிறுத்தியாகிவிட்டது என்று உறுதியான பிறகே கிட்டே போகணும்.

வெட்டுகிற முறை

காலை வெயில் ஏறும் முன்னால் தொடங்குங்கள். ஒரு குச்சியால் வேலியைத் தட்டிக்கொண்டு போங்கள். குளவிக்கூடு, கொம்புத்தேன், அடியில் பாம்பு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். குருவிக் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், அந்த இடத்தை விட்டுவிட்டுக் கழியுங்கள். பழைய முள்கம்பி வேலிக்குள் மறைந்து கிடந்தாலும் கத்தி உடையும்.

தலைக்குத் தொப்பி, அதாவது ஹெல்மெட். கண்ணுக்குக் கண்ணாடி. கைக்கு உறை. காலுக்கு ஷூ. செருப்புக் காலோடு வேண்டாம். திருகுகள்ளி வேலியாக இருந்தால் கண்ணாடி இல்லாமல் கிட்டேயே போகக் கூடாது. அண்ணாந்து வெட்டும்போது கள்ளிப்பால் முகத்தில் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டு பக்கமும் முளை அடித்து, வேண்டிய உயரத்தில் ஒரு கயிறு கட்டிக் கொள்ளுங்கள். அந்த மட்டத்துக்கு வெட்டினால் வேலி வரப்புப் போட்ட மாதிரி நேராக வரும். கயிறு கத்தியில் படாமல் பார்த்துக் கொள்ளணும். முதலில் பக்கவாட்டைக் கீழிருந்து மேலாக வெட்டி வாருங்கள். உச்சியைக் கடைசியில் வைத்துக் கொள்ளுங்கள். உச்சிக்குத் தலைப்பகுதியை மடக்கி, வேலியோரமாக நடந்துகொண்டே வீசலாம். கம்பைத் தலைக்கு நேர் மேலே நட்டக்குத்தலாகப் பிடிக்கக் கூடாது. சாய்வாகவே இருக்கணும், 60 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. அப்படிப் பிடித்தால்தான் வெட்டிய கிளை உங்கள் மேல் விழாது. ஏணி மேல் நின்று இந்தக் கருவியை இயக்குவதும் வேண்டாம். ஏணியைத் தவிர்க்கத்தானே இதை வாங்குகிறோம்?

எடை பார்க்க 4, 5 கிலோதான். ஆனால் நீட்டிப் பிடிக்கும்போது இரண்டு மடங்காகத் தெரியும். தோள்வாரைப் போட்டுக்கொண்டு, கால் மணிக்கு ஒருதரம் ஆள் மாற்றுங்கள். கத்தியில் குச்சி சிக்கினால், முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு குச்சியை எடுங்கள். விசையை விட்டுவிட்டோமே என்று நம்பிக் கத்திக்குள் விரலை வைக்காதீர்கள்.

பேட்டரியைப் பராமரிப்பது

“கரண்ட் செலவு எவ்வளவு ஆகுமுங்க?” கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியின் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கணும். 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 72 வாட்-மணி. ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் ஒரு தடவை ஏற்ற ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். செலவு கரண்டில் இல்லை, பேட்டரியைக் கெடுத்துவிட்டு மறுபடி வாங்குவதில்தான் இருக்கிறது.

லித்தியம் பேட்டரிக்குச் சூடு எதிரி. வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடாதீர்கள், ஆறவிட்டுப் போடுங்கள். தகரக் கொட்டகையிலோ வெயிலில் நிற்கிற வண்டிப் பெட்டியிலோ வைக்காதீர்கள். மாதக்கணக்கில் வேலை இல்லாதபோது பாதி சார்ஜில் நிழலான இடத்தில் வையுங்கள். உப்பின பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்துவது ஆபத்து. அதைக் குப்பையில் போடவோ தீயில் எறியவோ கூடாது. பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று முறைப்படி அப்புறப்படுத்தும் பொறுப்பு, 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி தயாரிப்பாளருக்கு உண்டு. வாங்கும்போதே கடைக்காரரிடம் பேசி வையுங்கள். கத்தியில் ஒட்டின பிசினை அன்றன்றே துடைத்து எண்ணெய் போட்டால் முனை மழுங்காது.

தனியாக வாங்கணுமா?

4 ஏக்கர் சதுரக் காட்டின் ஒரு பக்கம் சுமார் 417 அடி. நாலு பக்கமும் சேர்த்து 1,670 அடி வேலி. வருஷத்தில் ஒரு தரமோ இரண்டு தரமோ வருகிற வேலை. அதற்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. பக்கத்துக் காட்டுக்காரரோடு வேலி பொது என்றால், கருவியும் பொதுவாக இருக்கலாமே! நாலைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் குழு மூலமோ ஒரு கருவியும் இரண்டு பேட்டரியும் வாங்கி வாடகைக்கு விடலாம். ஒரு பேட்டரி வேலை செய்யும்போது மற்றொன்று சார்ஜ் ஏறும். வாங்கும் முன்னால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில், மானியப் பட்டியலில் இந்தக் கருவி இருக்கிறதா என்று விசாரித்துக் கொள்ளுங்கள்.

கழித்த தழையும் காசுதான். கிளுவைத் தழையை ஆடு விரும்பித் தின்னும். கிளைரிசிடியாவாக இருந்தால் தென்னம்பாத்தியில் பசுந்தழை உரமாகப் போடலாம். அரளி வேலித் தழையை மட்டும் ஆடு மாட்டுக்கு எட்டவே விடாதீர்கள். அது காய்ந்தாலும் விஷம்தான்.

ஆகவே உழவர் பெருமக்களே, வேலியை வருஷா வருஷம் கழித்து 6 அடிக்குள் வைத்துக் கொள்ளுங்கள். அடர்ந்த வேலி காட்டைக் காக்கும். கருவியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் மேலே பாருங்கள். அந்த ஒரு பார்வை உங்களைக் காக்கும்.